அம்மாவின் இதயம் எப்போது இரைச்சல் ஆனது?

கர்ப்பிணி ஒருவரின் வயிற்றுத் தோலில் இரண்டு மின்வாய்களை ஒட்டி, அவற்றுக்கு இடையிலுள்ள மின் அழுத்த வித்தியாசத்தை அளந்தால் என்ன வரும்? சந்தைக்குள்ள நிண்டு கேக்கிற மாதிரி எல்லாம் ஒண்டாத்தான் வரும். அம்மாவின் இதயம் நிமிடத்துக்கு எழுபது, எண்பது தரம் அடிக்கிறது. சிசுவின் இதயம் 110இலிருந்து 160 தரம் வரை ஓடுகிறது. இரைப்பை நிமிடத்துக்கு மூன்று அலைகளை நிதானமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. கருப்பை தனக்கு விருப்பமான நேரத்தில் இறுகித் தளர்கிறது. இதுக்கு மேல மூச்சு, வயிற்றுத் தசை, சிசுவின் உதை, போதாக்குறைக்கு அறைச் சுவருக்குள் ஓடுகிற 50 ஹேர்ட்ஸ் மின்சாரம்.

இவ்வளவும் ஒரே தோலில், ஒரே நேரத்தில். இதிலிருந்து ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்க மனிதர் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மெனக்கெட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். எந்த ஆண்டில் எந்தக் கருவி வந்தது என்று பட்டியல் போட்டுவிட்டுப் போவது எங்கள் நோக்கம் இல்லை. ஒரு உடலில் எது செய்தி, எது இரைச்சல் என்று யார் தீர்மானித்தார்கள் என்பதுதான் எங்களுக்குள்ள கேள்வி.

உப்புத்தண்ணி வாளிகள்

தவளைக் காலைத் துடிக்க வைத்த கல்வானியின் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 1791இல் அவர் எழுதியதற்குப் பிறகு, தசையும் நரம்பும் மின்சாரத்தோடு தொடர்புடையவை என்பது தெரிந்துவிட்டது. ஆனா ஒரு உயிருள்ள மனிதரை வெட்டாமல், தோலுக்கு வெளியே நின்று அந்த மின்சாரத்தைப் பிடிக்கலாமா என்பது வேறு கேள்வி.

அதற்கு முதல் பதில் 1887இல் லண்டனில் வந்தது. சென் மேரிஸ் ஆஸ்பத்திரியில் ஒகஸ்ரஸ் வோலர் என்ற உடற்றொழிலியலாளர், இரசம் நிரப்பிய மயிர்த்துளைக் குழாயால் ஆன மின்மானியை வைத்து மனித இதயத்தின் மின் அசைவைப் பதிவு செய்தார். ஜிம்மி என்ற அவருடைய புல்டோக் நாயும் இந்த வரலாற்றில் ஒரு ஆள். கால்களை உப்புத்தண்ணிப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அது பொறுமையாக நிற்கும், வோலர் அதன் இதயத்தைக் கூட்டத்துக்குக் காட்டுவார்.

இரசம் மெதுவாகத்தான் அசையும், அதனால் வேகமான மாற்றங்கள் மழுங்கிப்போகும். ஒல்லாந்தின் லைடனில் இருந்த வில்லெம் ஐந்தோவன் இதைத் தீர்த்தார். இவர் பிறந்தது யாவாவில், அன்றைய டச்சுக் காலனியில். வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைப் பலமான காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்டார். இதயத்தின் மின்சாரம் இழைக்குள் போனதும் இழை ஆடும், அந்த ஆட்டத்தின் நிழலைப் படம் பிடிப்பார்கள். இதுதான் இழைக் கல்வனோமானி. கிட்டத்தட்ட 270 கிலோ எடை, இயக்க ஐந்து பேர் வேணும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத்தண்ணிக்குள் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். இண்டைக்கு ஈசிஜி எடுக்கும்போது கையிலும் காலிலும் மாட்டுகிற கிளிப்புகள் அந்த வாளிகளின் பேரப்பிள்ளைகள். 1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மியூனிக், 1906

புதுக் கருவி ஒன்று வந்தால், அதை எங்கெல்லாம் வைத்துப் பார்க்கலாம் என்று சிலருக்குக் கை துருதுருக்கும். ஜேர்மனியில் மக்ஸ் கிறேமர் அப்படியான ஒருவர். வாள் விழுங்குவதைத் தொழிலாகச் செய்த ஒருவரைப் பிடித்து, மின்வாயொன்றை அவருடைய தொண்டை வழியாக இறக்கி, உணவுக்குழாய்க்குள் இருந்தே இதயத்தைப் பதிவு செய்தார். அதே 1906இல் கர்ப்பிணி ஒருவரின் வயிற்றின் மேல் ஒரு மின்வாயையும் யோனிக்குள் இன்னொன்றையும் வைத்தார். அம்மாவின் பெரிய துடிப்புகளுக்கு நடுவில், வேறொரு வேகத்தில், சின்னச் சின்னக் குத்துகள் தெரிந்தன. பிறக்காத ஒரு பிள்ளையின் இதய மின்சாரம் முதற்தடவையாகப் பதிவானது அன்றைக்குத்தான்.

அந்தப் பதிவு ஏன் அவ்வளவு சின்னது என்பதை விளங்கிக்கொண்டால்தான் மீதிக் கதை விளங்கும். சிசுவின் இதயம் சிறியது. அதன் மின்சாரம் பனிக்குடத் தண்ணீர், கருப்பைச் சுவர், கொழுப்பு, தோல் எல்லாவற்றையும் தாண்டி வெளியே வரும்போது சில பத்து மைக்ரோவோல்ற்றுக்கு இறங்கிவிடும். ஒரு மைக்ரோவோல்ற் என்றால் வோல்ற்றின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதே இடத்தில் அம்மாவின் இதயம் அதைவிடப் பல மடங்கு உயரமாக நிற்கும்.

இயற்கையும் இன்னொரு தடை போடுகிறது. ஏறக்குறைய 28ஆவது வாரத்திலிருந்து சிசுவின் தோலை மெழுகு மாதிரி ஒரு வெள்ளைப் படலம் மூடத் தொடங்கும். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கினவர்களுக்கு அதைத் தெரியும். பிள்ளையின் தோலைப் பாதுகாக்கும் அந்தப் படலம் மின்சாரத்துக்கு ஒரு காவலி. ஆகவே கிட்டத்தட்ட 34 வாரம் வரை, வயிற்றின் மேலே தெரியும் சிசுவின் துடிப்பு இன்னும் மங்கிப்போகும். குறைமாதத்தில் பிள்ளை பிறந்துவிடுமோ என்று பயப்படுகிற வாரங்களும் இவைதான். பாக்க வேணும் எண்டு துடிக்கிற நேரத்திலதான் திரை விழுகுது.

பிறகு வெற்றிடக் குழாய் விரியலாக்கிகள் வந்தன. 1930இல் யப்பானில் மயேகாவாவும் தொயோஷிமாவும் அவற்றை வைத்துச் சிசுவின் துடிப்பைத் தெளிவாக எடுத்தார்கள். ஆனாலும் விரியலாக்கிக்கு ஆள் தெரியாது. அது பிள்ளையையும் பெருப்பிக்கும், அம்மாவையும் சேர்த்துப் பெருப்பிக்கும்.

நிமிடத்துக்கு மூன்று

அதே காலத்தில் இன்னொருவர் இன்னொரு உறுப்பின் பின்னால் போனார். சான் பிரான்சிஸ்கோவில் வோல்டர் அல்வாரெஸ். அவரிடம் வந்த முதிய பெண் ஒருவர் மிக மெலிந்தவர், வயிற்றுச் சுவரில் இறக்கம் வேறு. இரைப்பை சுருங்குவதை வெளியிலிருந்தே கண்ணால் பார்க்கலாம். அல்வாரெஸ் அந்தத் தோலில் மின்வாய்களை வைத்தார். நிமிடத்துக்கு மூன்று அலைகள் வந்தன, கண்ணுக்குத் தெரிந்த சுருக்கங்களோடு அவை பொருந்தின. 1922இல் அதை வெளியிட்டார். பிற்காலத்தில் இவர் பத்திரிகைகளில் மருத்துவப் பத்தி எழுதி நாடறிந்தவரானார். மகன் லூயிஸ் பௌதிகவியலில் நோபல் வாங்கினார். அந்த மகனும் பேரனும் சேர்ந்துதான் டைனோசர்களை அழித்தது விண்கல் என்ற கருத்தை 1980இல் முன்வைத்தார்கள்.

இரைப்பை ஆராய்ச்சியை அதன்பிறகு முப்பது வருசத்துக்கு மேலாக அநேகமாக யாரும் தொடவில்லை. 1950களில் ஆர். சி. டேவிஸ் என்ற உளவியலாளர் அதைத் திரும்பத் தோண்டி எடுத்தார். கர்ப்பத்தோடு அது சந்தித்தது 1990இல்தான். அமெரிக்காவில் கென்னத் கோக்கும் கூட்டாளிகளும், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஓங்காளத்தால் அவதிப்படும் பெண்களின் வயிற்றில் மின்வாய்களை ஒட்டிப் பார்த்தார்கள். அந்த மூன்று அலைத் தாளம் பலரில் குழம்பிப்போயிருந்தது. சிலருக்கு வேகம் கூட, சிலருக்கு மிகவும் குறைவு.

இது ஏன் பெரிய விசயம்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கர்ப்பத்தில் கடுமையாகச் சத்தி எடுக்கும் பெண்ணுக்கு அந்தப் பிள்ளையில் விருப்பமில்லை, மனதுதான் பிள்ளையை வெளியே தள்ளப் பார்க்கிறது என்று எழுதின வைத்தியர்கள் இருந்தார்கள். சத்தி எடுத்து எழும்ப ஏலாமல் கிடந்த பெண்ணிடம் 'உமக்குப் பிள்ளை வேணாமோ' என்று கேட்பதற்குச் சமம் அது. குழம்பின தாளத்தைக் கடதாசியில் காட்டியது, அந்தப் பழிக்கு எதிரான ஒரு சாட்சி. முழுச் சாட்சி என்று சொல்ல முடியாது. குழம்பின தாளம் ஓங்காளத்தோடு சேர்ந்து வருகிறது என்றுதான் அது காட்டியது. 2023இல் மார்லீனா பெஜ்ஸோவும் கேம்பிரிட்ஜின் ஸ்ரீபன் ஓ'ராஹிலியும் உள்ளிட்ட குழு, சிசுப் பக்கத்திலிருந்து வரும் ஜிடிஎப்15 என்ற ஹோர்மோனும், அதற்கு அம்மாவின் உடல் எவ்வளவு பழகியிருக்கிறது என்பதும்தான் முக்கிய காரணம் என்று நேச்சர் இதழில் காட்டியது. பெஜ்ஸோ தானே அந்த நோயை அனுபவித்து ஒரு கர்ப்பத்தை இழந்தவர்.

தலைவர் இல்லாத தசை

இனிக் கருப்பை. இதயத்துக்கு ஒரு தலைவர் உண்டு. வலது மேல் அறையிலுள்ள ஒரு சின்ன முடிச்சு கட்டளை போட, துடிப்பு ஒரே பாதையில் ஓடும். கருப்பைக்கு அப்படி நிரந்தரமான ஒரு இடமில்லை. ஒரு சுருக்கம் இங்கே தொடங்கும், அடுத்தது வேறெங்கோ தொடங்கும். அதன் மின் அலைகளும் மெதுவானவை, பெரும்பாலும் ஒரு ஹேர்ட்ஸுக்கும் கீழே. இரைப்பை, மூச்சு, அம்மாவின் இதயம் எல்லாம் உலாவுகிற அதே மீடிறன் வட்டாரம் அது.

1931இல் ஜேர்மனியில் போட என்பவர் கருப்பையின் மின்பதிவை வெளியிட்டார். 1950இல் அமெரிக்காவில் ஸ்ரீயரும் ஹேர்ச்சும் பிரசவ நேரத்தில் வயிற்றின் மேலிருந்து எடுத்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் வென்றது வேறொரு வழி. உருகுவேயின் மொன்ரிவிடியோவில் கல்தேய்ரோ பார்சியாவும் அல்வாரெஸும் (இவர் வேற அல்வாரெஸ்) வயிற்றைத் துளைத்துப் பனிக்குடத்துக்குள் குழாய் விட்டு, கருப்பை எவ்வளவு அமுக்கத்தோடு இறுகுகிறது என்று நேரடியாக அளந்தார்கள். பிரசவ அறைகளில் இன்றும் சொல்கிற 'மொன்ரிவிடியோ அலகு' அங்கிருந்து வந்தது. துல்லியமான முறைதான். ஆனால் எல்லாப் பெண்ணுக்கும் எல்லா வாரத்திலும் துளை போடலாமா?

தோலுக்குத் திரும்பப் போவதற்கான காரணத்தைக் கனடா கொடுத்தது. 1977இல் ரொபர்ட் கார்பீல்டும் சக ஆய்வாளர்களும் எலிகளின் கருப்பைத் தசையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். கர்ப்ப காலம் முழுக்கத் தசைக் கலங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாக இருக்கின்றன. பிரசவத்துக்குச் சற்று முன்புதான் கலத்துக்கும் கலத்துக்கும் இடையில் இணைப்புகள் திறக்கின்றன. அதன்பிறகு ஒரு கலத்தின் மின்சாரம் அடுத்த கலத்துக்குப் பாயும். வேலி பிரிச்ச வளவு மாதிரி, முழுக் கருப்பையும் ஒன்றாகி ஒரே நேரத்தில் இறுகும்.

அப்படியென்றால், நோவு தொடங்க முன்னமே கருப்பையின் மின்சாரம் மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தைத் தோலில் பிடித்தால், குறைமாதப் பிரசவம் வரப்போகிறதா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லலாம். 2020இல் மட்டும் உலகில் 1 கோடி 34 லட்சம் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சில நாட்கள் முன்னதாகத் தெரிந்தாலே, பிள்ளையின் நுரையீரலை முதிரவைக்கும் ஊசியைப் போட்டு, தீவிர சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்கு அம்மாவை மாற்ற நேரம் கிடைக்கும்.

1975: கழித்தல் கணக்கு

இவ்வளவு நாளும் இருந்த பிரச்சினை ஒன்றுதான்: சந்தைக்குள் ஒரு குரலை எப்படிப் பிரிப்பது? 1975இல் ஸ்ரான்பேர்ட் பல்கலைக்கழகத்தின் பேர்னார்ட் விட்ரோவும் கூட்டாளிகளும் இரைச்சலை நீக்கும் முறை ஒன்றைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதினார்கள். அதில் வந்த உதாரணங்களில் ஒன்று சிசுவின் இதயம்.

யோசனை எளிமையானது. அம்மாவின் நெஞ்சில் சில மின்வாய்களை ஒட்டினால் அங்கே அம்மாவின் இதயம் மட்டும்தான் கேட்கும். வயிற்றில் ஒட்டினவற்றில் அம்மாவும் பிள்ளையும் கலந்து கேட்கும். நெஞ்சில் கேட்டதைத் தேவைக்கேற்ப மாற்றி, வயிற்றில் கேட்டதிலிருந்து கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது பிள்ளை. எவ்வளவு மாற்றிக் கழிப்பது என்பதைக் கருவி தானே திருத்தித் திருத்திப் படிக்கும். அந்தத் திருத்தும் கணக்கை விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹொவ்வும் 1960இல் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஹொவ்தான் பிற்பாடு இன்ரெல் நிறுவனத்தில் முதல் நுண்செயலியின் வடிவமைப்பில் பங்கெடுத்தவர். நீங்கள் போனில் கதைக்கும்போது உங்கள் குரலே எதிரொலியாகத் திரும்பி வராமல் தடுப்பதும் இதே குடும்பக் கணக்கு.

கணக்கு அழகானது. ஆனால் அதன் மொழியைக் கொஞ்சம் கவனியுங்கோ. அம்மாவின் இதயம் இங்கே 'குறுக்கீடு'. அவளின் மூச்சு, அவளின் தசை, அவளின் கருப்பை எல்லாம் நீக்கப்படவேண்டிய இரைச்சல். கருப்பையை ஆராய்கிறவருக்கு அதே கருப்பை செய்தி, அம்மாவின் இதயம் திரும்பவும் இரைச்சல். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அம்மாவின் இதயம் கழிக்கப்படுகிறது. பொறியியலில் இதில் குற்றமில்லை, எதையோ கழித்தால்தான் எதையோ கேட்கலாம். ஆனா கர்ப்ப காலத்தில் அம்மாவின் இதயமும் நோய்ப்படும். கழித்து எறிந்த பக்கத்திலும் ஒரு உயிர் இருக்கிறது என்பதைக் கருவி செய்கிறவர் மறந்தாலும் நாங்கள் மறக்கக் கூடாது.

கடதாசியை நம்பின காலம்

இதற்கிடையில் பிரசவ அறைகள் மாறிவிட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் ஹொன் 1950களின் இறுதியில் சிசுவின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் முறையை வளர்த்தார். பிறகு பனிக்குடம் உடைந்த பின் பிள்ளையின் தலைத்தோலிலேயே குத்திவிடும் சின்ன மின்வாய் வந்தது. இன்னொரு பக்கம் டொப்ளர் ஒலி, வயிற்றைச் சுற்றின பெல்ட். 1960களின் கடைசியில் இவை விற்பனைக்கு வந்து, நாலா பக்கமும் பரவின.

பரவின பிறகுதான் பெரிய அளவில் சோதித்தார்கள். டப்ளினில் 12,964 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1985இல் வெளியானது. இடைவிடாமல் கருவியால் பதிவு செய்ததையும், மருத்துவமாது இடையிடையே காது வைத்துக் கேட்டதையும் ஒப்பிட்டார்கள். கருவிப் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு வலிப்பு குறைந்தது. ஆனால் இறப்பு குறையவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்த்தபோது மூளை வாதமும் குறைந்திருக்கவில்லை. இப்படியான பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: இடைவிடாத பதிவு சிசேரியனைக் கூட்டுகிறது.

இதை வைத்துக் கருவியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆபத்துள்ள கர்ப்பங்களில் அதற்கு இடமுண்டு. ஆனால் கட்டிலில் கிடப்பவரை விட்டுவிட்டுக் கடதாசியைப் பார்க்கும் பழக்கம் ஒன்று உருவானது. மருத்துவமாதின் காதுக்கும் கைக்கும் ஒரு மதிப்பு இருந்தது, அது ஏன் குறைந்தது என்ற கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது.

முப்பத்தெட்டுப் பேர்

இனி எங்கட காலத்துக்கு வருவோம். சுலோவேனியாவின் லுப்லியானா நகரில் 1997 முதல் 2005 வரை, 300 கர்ப்பங்களில் வயிற்றின் மேல் நாலு மின்வாய்களை ஒட்டி, அரை மணித்தியாலப் பதிவுகள் எடுத்தார்கள். அவற்றைப் பிசியோநெட் என்ற தளத்தில் யாரும் இலவசமாக இறக்கக்கூடியபடி போட்டார்கள். இந்த வரலாற்றில் மிகப் பெருந்தன்மையான காரியம் இது. 300 பேரில் 262 பேருக்கு மாதம் நிறைந்து பிள்ளை பிறந்தது. 38 பேருக்குக் குறைமாதம்.

உலகெங்கும் கணினிக்காரர் இந்தத் தரவில் பாய்ந்தார்கள். குறைமாதத்தை 90 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கணித்துவிட்டோம் என்று கட்டுரைகள் வரிசையாக வந்தன. ஆனா 2021இல் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று அவற்றைத் திருப்பிச் செய்து பார்த்து ஒரு ஓட்டையைக் காட்டியது. 38 பேர் காணாது என்பதால், அந்த 38ஐ வைத்துச் செயற்கையாக மேலும் பல பதிவுகளைச் செய்திருந்தார்கள். அப்படிச் செய்வது தப்பில்லை. ஆனால் பலர் அதைச் செய்த பிறகுதான் படிக்கும் தரவு, சோதிக்கும் தரவு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். படித்த கேள்வியின் நகலே சோதனையிலும் வந்தது. பாஸ்ற் பேப்பரை அப்படியே பரீட்சைக்குக் கொடுத்துவிட்டு, பெடியனுக்கு 90 புள்ளி என்று புளுகுகிற மாதிரி. ஒழுங்காகப் பிரித்துத் திரும்பச் செய்தபோது, அந்தத் திறமையில் பெரும்பகுதி கரைந்துபோனது.

கணினி படிக்கும் உங்களில் பலருக்கு இது தெரிந்த பிழையாக இருக்கலாம். ஆனால் இங்கே தப்பான 90 என்பது வெறும் புள்ளி இல்லை. அதை நம்பி ஒரு கருவி வந்து, 'ஒண்டும் இல்லை, வீட்ட போங்கோ' என்று ஒரு பெண்ணுக்குச் சொன்னால்? அல்லது தேவையில்லாமல் வாரக்கணக்கில் வாட்டில் படுக்க வைத்தால்?

இப்போது எங்கே நிற்கிறோம்

முன்னேற்றம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்து வளர்ந்த நிறுவனம் ஒன்று, வயிற்றில் ஒட்டும் ஐந்து மின்வாய்களால் சிசுவின் இதயம், அம்மாவின் இதயம், கருப்பைச் சுருக்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்கும் சிறு கருவியைச் செய்தது. வயர் இழுக்காமல், அம்மா எழும்பி நடந்துகொண்டே நோவைத் தாங்கலாம். உடல் பருத்த பெண்களில் பெல்ட் சரியாகப் பிடிக்காத இடத்திலும் மின்வாய் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. இந்தக் கருவி அம்மாவின் இதயத்தைக் கழித்து எறிவதில்லை, அதையும் ஒரு கோடாகத் திரையில் காட்டுகிறது. இதனால் அம்மாவின் துடிப்பைப் பிள்ளையின் துடிப்பு என்று மாறி நினைத்துவிடும் ஆபத்தும் குறைகிறது. 1906இல் கிறேமரின் படத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிந்தார்கள். நூறு வருசம் ஒருவரை அழிக்கப் பாடுபட்டபின் திரும்பவும் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

குறைமாதப் பிரசவத்தைத் தோலிலிருந்து முன்கூட்டியே நம்பகமாகச் சொல்லும் கருவி இன்னும் கிடைக்கவில்லை. அதைச் செய்யப்போகிறவர்களில் இதை வாசிக்கிற ஒருவரும் இருக்கலாம். தரவு இலவசமாகவே கிடக்கிறது, இறக்கிப் பாருங்கோ. பார்க்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்திருங்கோ. அந்த 300 கோப்புகளில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம் அசையாமல் படுத்திருந்த ஒரு பெண். கோப்பின் பெயர் ஒரு இலக்கம்தான். வோலரின் நாய்க்குக்கூட வரலாற்றில் பெயர் இருக்கு. கிறேமரின் கர்ப்பிணிக்கும் அல்வாரெஸின் மெலிந்த மூதாட்டிக்கும் இந்தக் கதையில் பெயர் இல்லை. அவர்களின் தோல் இல்லாமல் இதில் ஒரு வரியும் எழுதப்பட்டிருக்காது.